பெயரில் வாழும் பெருந்தகை எஷெரிக்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

நம் கல்லூரி ஆய்வகத்தில் செய்முறைக் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எஷெரிக்கியா கோலை என்று ஒருமுறையேனும் எழுதாத அறிவியல் மாணவர் இருக்க முடியாது. சுருக்கமாக ஈ. கோலை என்கிறோம். கோலை என்பது பெருங்குடலைக் குறிக்கும் சொல் என்று ஆசிரியர் சொல்லக் கேட்டிருக்கிறோம். எஷெரிக்கியா என்பது என்ன? ஏதோ இலத்தீன் சொல் என்று எண்ணியே நம்மில் பலர் தேர்வையும் எழுதி முடித்துவிடுகிறோம். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்தவர். குழந்தைகளுக்காகவே உழைத்து 53 வயதில் மறைந்தவர். நூலகத்தில் அவரைப் பற்றித் தேடிப் படித்ததைத் தொகுத்து இங்கே தருகின்றேன். நீர்க்கடுப்பு என்று நம் வீட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் நோய்க்கும், அந்நோய்க்குத் தரும் மாத்திரைகள் இன்று பலன் தராமற் போவதற்கும், இப்பெருமகனின் வாழ்க்கைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

தியோடர் எஷெரிக் 1857ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஜெர்மனியின் பவேரியா நாட்டில் ஆன்ஸ்பாக் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பெர்டினாண்ட் ஓர் அரசு மருத்துவ அதிகாரி. நோயாளியைப் பார்ப்பதோடு நில்லாமல், எந்தத் தொழில் செய்வோர் எத்தனை ஆண்டுகள் வாழ்கின்றனர் என்பது போன்ற கணக்குகளைத் தொகுப்பதிலும் நாட்டம் கொண்டவர். எண்ணிப் பார்த்துப் பேசும் அந்தப் பழக்கம் மகனுக்கும் வந்து சேர்ந்தது எனலாம். தாயார் ஒரு படைத்தளபதியின் மகள். தியோடருக்கு 5 வயதாகும்போதே அவர் இறந்துவிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் குடும்பம் வூர்ட்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது.

பின்னாளில் பேராசிரியரான இவர் சிறுவயதில் அடங்காத பிள்ளை என்பதை அறியும்போது நமக்குச் சற்று ஆறுதலாகத்தான் இருக்கிறது. குறும்பு பொறுக்க முடியாமல் 12 வயதில் ஆஸ்திரியாவின் பெல்ட்கிர்க் நகரில் ஏசு சபைக் குருமார் நடத்திய விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டனர். பிறகு வூர்ட்ஸ்பர்க்கிற்குத் திரும்பிப் பள்ளிப் படிப்பை முடித்து, 1876இல் மருத்துவம் படிக்கத் தொடங்கினார். ஸ்ட்ராஸ்பர்க், கீல், பெர்லின், வூர்ட்ஸ்பர்க் என்று பல்கலைக்கழகம் மாறி மாறிப் படிப்பது அக்கால ஜெர்மானிய மாணவரின் வழக்கம். 1881இன் இறுதியில் தேர்ச்சி பெற்றார். மறு ஆண்டு முனைவர் பட்டமும் பெற்று, கார்ல் கெர்ஹார்ட் என்னும் பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். கெர்ஹார்ட் குழந்தை நோய்களில் பெயர் பெற்றவர். இளம் எஷெரிக்கின் மனம் குழந்தைகளின் பக்கம் திரும்பியது அங்கேதான்.

அக்காலத்தைச் சற்று மனத்தில் கொண்டுவர வேண்டும். ஐரோப்பிய நகரங்களில் பிறந்த குழந்தைகளில் பல முதல் பிறந்தநாளைக் காணாமலே வயிற்றுப்போக்கில் மாண்டன. காரணம் இன்னதென்று தெரியாது. பால் கெட்டதா, காற்று கெட்டதா, பல் முளைப்பதால் வருகிறதா என்று ஆளுக்கொரு கருத்து. மறுபுறம் நுண்ணுயிரியல் என்னும் புதுத்துறை அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தது. ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைக் காட்டினார். 1884இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதிசெய்தார். அதே 1884இல் கிறிஸ்டியன் கிராம் தம் சாயமேற்றும் முறையை வெளியிட்டார். நாம் முதலாண்டில் ஊதாச் சாயத்தால் விரல்களைக் கறையாக்கிக்கொண்டு கற்ற அதே கிராம் சாயமேற்றல்தான்.

அவ்வாண்டு எஷெரிக் வியன்னா சென்று புனித அன்னா குழந்தைகள் மருத்துவமனையில் பயின்றார். அக்டோபரில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் காலரா மூண்டபோது பவேரிய அரசு அவரை அங்கே ஆய்வு செய்ய அனுப்பியது. கிருமியை நேருக்கு நேர் கண்ட அனுபவம் அவருக்கு வழி காட்டியது. காலராவைத் தேடிச் சென்றவர் மனத்தில் வேறொரு கேள்வியோடு மியூனிக் திரும்பினார். நோயுற்ற குழந்தையின் குடலில் எந்தக் கிருமி இருக்கிறது என்று எல்லாரும் தேடுகிறார்கள். நோயற்ற குழந்தையின் குடலில் என்னதான் இருக்கிறது?

இக்கேள்வியே எஷெரிக்கின் பெருமை என்று நான் கருதுகிறேன். நோயைக் காண விரும்புகிறவன் முதலில் நலத்தைக் காண வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அன்று இது எளிதாகத் தோன்றாத எண்ணம். கிருமி என்றாலே பகை என்று உலகம் அஞ்சத் தொடங்கிய காலம் அது. தாய்ப்பால் மட்டுமே அருந்தி நன்கு கொழுகொழுவென்றிருக்கும் பிள்ளையின் மலத்தை மாதக்கணக்கில் ஆராய ஒரு மருத்துவர் உட்கார்ந்தார் என்றால் உடன் பணிபுரிந்தோர் என்ன நினைத்திருப்பர்!

மியூனிக்கில் பிரோபெனியஸ் என்பவரிடம் நுண்ணுயிரிகளைப் பிரித்து வளர்க்கும் முறையைக் கற்றார். பிறந்த குழந்தை முதன்முதல் கழிக்கும் கருமலத்தை எடுத்துப் பார்த்தார். தொடக்கத்தில் அதில் உயிரிகளைக் காணவில்லை. சில மணி நேரம் கழித்து எடுத்ததில் நுண்ணுயிரிகள் தோன்றின. ஆகவே இவை குழந்தையோடு பிறந்தவை அல்ல, வெளியிலிருந்து வந்து குடியேறியவை என்று தெளிந்தார். பால் குடிக்கத் தொடங்கியதும் குடியேறியோரின் கூட்டம் மாறியது. கூழ்மத் தட்டுகளிலும் உருளைக்கிழங்குத் துண்டுகளிலும் பாலிலும் அவற்றைத் தனித்தனியே வளர்த்தார். குட்டையான, மெலிந்த கோல் வடிவமுள்ள ஒன்று ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளிடமும் இருந்தது. பாலை மெல்லத் திரியச் செய்தது; கூழ்மத்தை உருக்காமல் வெண்மையாகப் படர்ந்தது. அதற்குப் பாக்டீரியம் கோலை கம்யூன் என்று பெயரிட்டார். பெருங்குடலின் பொதுவான பாக்டீரியம் என்பது பொருள். கூடவே மற்றொன்றையும் பிரித்து, பாக்டீரியம் லாக்டிஸ் ஏரோஜீனஸ் என்று அழைத்தார். இந்த இரண்டாவது உயிரியைப் பின்வந்தோர் கிளப்சியெல்லா வகையைச் சார்ந்ததாகக் கருதினர். அதன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

1885ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் மியூனிக் நகர அறிஞர் கழகத்தின் முன் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு வயது 27. மறு ஆண்டு, பால்குடிக் குழந்தையின் குடல் பாக்டீரியங்களும் செரிமானத்தில் அவற்றின் பங்கும் பற்றிய நூலாக அதை விரித்து எழுதினார். அந்நூலே அவருக்குப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தகுதியைப் பெற்றுத் தந்தது. குழந்தை மருத்துவர்களில் நுண்ணுயிரியல் அறிந்த முதல்வர் என்ற பெயரையும் தந்தது.

1890இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் குழந்தை மருத்துவப் பேராசிரியர் பதவி கிடைத்தது. 12 ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார். சிறிய மருத்துவமனையை ஊரறிந்த மருத்துவமனையாக உயர்த்தினார். தொண்டை அடைப்பான் நோயிலிருந்து பிழைத்தவர்களின் குருதியில் அந்நோயைத் தடுக்கும் பொருள் இருப்பதை 1893இல் கிளமென்சீவிச் என்பவரோடு சேர்ந்து காட்டினார். இயற்பியல் பேராசிரியர் லியோபோல்ட் பாண்ட்லரின் மகள் மார்கரெட்டை 1892இல் மணந்தார். 1893இல் ஒரு மகனும் 1895இல் ஒரு மகளும் பிறந்தனர். மகனுக்குப் பாட்டனாரின் பெயரையே இட்டு லியோபோல்ட் என்றழைத்தனர்.

நம் பொருளுக்கு மையமான செயல் நிகழ்ந்ததும் கிராட்ஸில்தான். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் வலியும் காய்ச்சலும் கொண்ட சிறுமிகள் சிலர் அவரிடம் வந்தனர். அவர்களுடைய சிறுநீரைச் சோதித்தபோது, 9 ஆண்டுகளுக்கு முன் நலமான குழந்தையின் குடலில் தாம் கண்ட அதே கோல் உயிரி, வேறு துணையின்றித் தனித்து நிறைந்திருக்கக் கண்டார். 1894இல் இதை வெளியிட்டார். குழந்தைகளின் சிறுநீர்ப்பை அழற்சிக்குக் காரணம் பாக்டீரியம் கோலை என்பது அதன் சாரம்.

நண்பர்களே, இதன் ஆழத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலராக் கிருமி எங்கோ வெளியிலிருந்து வருகிறது; அது பகைவன். இதுவோ வீட்டுக்குள் குடியிருப்பவன். குடலில் இருக்கும்வரை தீங்கில்லை. நான்கு விரற்கடை தள்ளிச் சிறுநீர்ப்பைக்குள் நுழைந்துவிட்டால் நோய். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் வழி குறுகியது; மலவாய்க்கும் அருகில் உள்ளது. ஆகையால் ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்நோய் மிகுதி. அன்று எஷெரிக் கண்டது இன்றும் மாறவில்லை. வெளியில் நடமாடும் மக்களுக்கு வரும் சிறுநீர்ப் பாதைத் தொற்றில் நான்கில் மூன்று பங்குக்கு இந்த ஒரே உயிரிதான் காரணம்.

எங்கள் ஊரில் இதற்கு நீர்ச்சுருக்கு என்றும் பெயர். நடவுக்கும் களையெடுக்கவும் போகும் பெண்கள் ஒதுங்க இடமின்மையால் பகல் முழுவதும் தண்ணீரைக் குறைத்துக் குடிப்பார்கள், அடக்கியும் வைப்பார்கள். கடுப்பு வந்தால் சூடு என்பார்கள். இளநீர், நீராகாரம், ஊறவைத்த வெந்தயம். அதற்கும் கேளாவிட்டால் மருந்துக்கடைக்குச் சென்று, என்ன நோய் என்று சொல்லக் கூசி, போன முறை கொடுத்த அந்த மாத்திரையில் இரண்டு என்று கேட்பார்கள். இரண்டாம் நாள் எரிச்சல் நின்றால் மீதியை அடுத்த முறைக்கென்று முடிந்து வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனை வரிசையில் நிற்பது எளிதன்று.

எஷெரிக்கின் காலத்தில் அந்த இரண்டு மாத்திரைகளும் இல்லை. கிருமியை உடலுக்குள்ளேயே சென்று கொல்லும் மருந்து எதுவும் இல்லை. நோய்க்குக் காரணம் தெரிந்த மருத்துவர் நோயைத் தீர்க்க வழியின்றி நின்றார். படுக்கை, வெதுவெதுப்பு, நிறையப் பருகும் நீர் ஆகியவையே துணை. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டால் காத்திருப்பதைத் தவிர வேறில்லை. அவ்வாண்டுகளில்தான் ஆர்தர் நிக்கோலையர் என்பவர் ஹெக்சமின் என்னும் பொருளைச் சிறுநீர்க் கிருமிக்கு மருந்தாகக் கொண்டுவந்தார். அது புளிப்புத் தன்மையுள்ள சிறுநீரில் உடைந்து பார்மால்டிஹைடாக மாறிக் கிருமியைக் கொல்லும். (இந்த நிக்கோலையர் யூதர். 1942இல் நாஜிகளின் முகாமுக்குக் கொண்டு செல்லப்படும் நிலை வந்தபோது பெர்லினில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனிதருக்கு மருந்து தந்தவருக்கு மனிதர் தந்த பரிசு அது.)

1902இல் வியன்னாவில் வீடர்ஹோபர் வகித்த பேராசிரியர் பதவியும், தாம் இளமையில் பயின்ற புனித அன்னா மருத்துவமனையின் தலைமையும் எஷெரிக்கைத் தேடி வந்தன. ஆஸ்திரியப் பேரரசில் குழந்தை மருத்துவத்துக்கு அதனினும் உயர்ந்த பதவி இல்லை. அங்கே அவர் வெறும் பேராசிரியராக அமைதியாக அமர்ந்திருக்கவில்லை. ஏழைத் தொழிலாளரின் குழந்தைகள் புட்டிப்பாலாலும் கெட்ட பாலாலும் இறப்பதைக் கண்டு 1903இல் மக்களுக்கு வேண்டுகோள் விடுத்து, சிசுக்களைக் காக்கும் சங்கம் ஒன்றை நிறுவினார். தாய்ப்பாலே சிறந்தது என்று தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லவும், பாலூட்ட இயலாதோருக்கு நல்ல பால் கிடைக்கச் செய்யவும் பாடுபட்டார். செல்வர்களின் வீட்டுக் கதவைத் தட்டிப் பொருள் திரட்டினார். குடல் பாக்டீரியங்களை எண்ணிக்கொண்டிருந்த அதே மனிதர்தான் இதையும் செய்தார். எனக்கு இவ்விரண்டும் வேறு வேறாகத் தோன்றவில்லை. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் குடலும் மாட்டுப்பால் குடிக்கும் பிள்ளையின் குடலும் ஒன்றல்ல என்பதைத் தம் கண்ணால் உருப்பெருக்கியில் பார்த்தவர் அல்லவா!

அவரிடம் பயின்ற மாணவர்களும் எளியவர் அல்லர். கிளமென்ஸ் பான் பிர்கே 1906இல் ஒவ்வாமையைக் குறிக்கும் அலர்ஜி என்ற சொல்லையே உருவாக்கினார். மறு ஆண்டு காசநோயைக் கண்டறியும் தோல் சோதனையைத் தந்தார். பேலா ஷிக் தொண்டை அடைப்பான் சோதனைக்குத் தம் பெயரைத் தந்தார்.

ஆனால் வீட்டில் ஒரு பேரிடி விழுந்தது. மகன் லியோபோல்ட் 10 வயதில் குடல்வால் அழற்சியால் இறந்துபோனான். குடலின் நலம் பற்றி உலகுக்கு எடுத்துச் சொன்னவர், ஊரார் பிள்ளைகளைக் காக்கச் சங்கம் கண்டவர், தம் ஒரே மகனைக் குடலில் வந்த நோய்க்கே பறிகொடுத்தார். குடல்வால் வெடித்தால் உள்ளே அமைதியாய் இருந்த உயிரிகள் வயிற்றறைக்குள் பரவிவிடும். இன்று அறுவை மருத்துவரோடு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் சேர்ந்து நின்று காக்கிறது. அன்று கத்தி மட்டுமே இருந்தது. அந்தத் தந்தையின் மனம் எப்படியிருந்தது என்பதை எழுத நமக்கு உரிமையில்லை. அவர் பணியை விடவில்லை என்பது மட்டும் தெரிகிறது. புதிய குழந்தைகள் மருத்துவமனைக் கட்டடத்துக்காக ஓடியாடி உழைத்தார். 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் மூளையின் குருதிக்குழாய் நோயால் காலமானார். பதவிக்குப் பின் வந்தவர் அவர் மாணவரான பிர்கே.

எஷெரிக் இறந்தபோது அவருடைய உயிரிக்கு அவர் பெயர் இல்லை. அதை இட்டவர்கள் நமக்கு அண்டை நாட்டில் பணிபுரிந்த இருவர். ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலியர் 1903 முதல் இலங்கையில் கொழும்பு நுண்ணுயிர் ஆய்வகத்தை நடத்தியவர். சால்மர்ஸ் என்ற ஆங்கிலேயர் இலங்கை மருத்துவக் கல்லூரியில் இருந்தவர். இருவரும் சேர்ந்து எழுதிய வெப்பமண்டல மருத்துவ நூலின் 1919ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் எஷெரிக்கியா என்ற பேரினப் பெயர் முதன்முதல் வந்தது. அது உலகோர் ஏற்ற முறையான பெயராக நிலைபெற 1958 ஆயிற்று.

இனி எஷெரிக் காணாத கதை. 1935இல் ஜெர்மனியின் கெர்ஹார்ட் டோமாக், புரான்டோசில் என்னும் சல்பா மருந்தை வெளியிட்டார். 41 ஆண்டுகளுக்கு முன் கிராட்ஸ் சிறுமிகளுக்குக் கிடைக்காத ஒன்று உலகுக்குக் கிடைத்தது. பிறகு பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் என வரிசையாக மருந்துகள் வந்தன. ஆயினும் 1940இலேயே, அதாவது பெனிசிலினை நோயாளிகளின் உடலில் முறையாகச் செலுத்திப் பார்ப்பதற்கு முன்பே, ஆக்ஸ்போர்டில் ஏபிரகாம், செயின் ஆகிய இருவரும் பெனிசிலினை அழிக்கும் நொதி ஒன்றைக் கண்டனர். அதை அவர்கள் எடுத்தது எஷெரிக்கின் கோலையிலிருந்து! மருந்து வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே வீட்டில் பூட்டு தயாராக இருந்தது என்று சொல்லலாம்.

பூட்டு இருந்ததுகூடப் பெரிதன்று. அதன் சாவியை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்கின்றன என்பதே அச்சந்தருவது. 1946இல் லெடர்பர்க், டேட்டம் இருவரும் ஈ. கோலைகள் தமக்குள் மரபுப் பொருளைப் பரிமாறிக்கொள்வதைக் காட்டினர். 1950களில் ஜப்பானில் சீதபேதி நோயாளிகளிடம் நான்கு மருந்துகளுக்கு ஒரே சமயத்தில் அசையாத ஷிகெல்லாக் கிருமி தோன்றியது. அதே நோயாளிகளின் குடலிலிருந்த ஈ. கோலையும் அதே நான்கு மருந்துகளுக்கு அசையவில்லை. இரண்டையும் ஒரு குழாயில் கலந்து வைத்தால் எதிர்ப்பாற்றல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதை 1959இல் ஜப்பானிய அறிஞர்கள் காட்டினர். பிளாஸ்மிட் என்று நாம் பாடத்தில் படிக்கும் வளையம் போன்ற சிறு மரபிழையே இதைச் சுமந்து செல்கிறது. தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவதைத்தான் மரபு என்று எண்ணியிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுக்கும் மரபும் உண்டு என்று இவை நமக்குக் கற்பித்தன.

இப்போது எஷெரிக் 1885இல் கண்டதையும் 1894இல் கண்டதையும் சேர்த்துப் பாருங்கள். சளிக்காகவோ பல்வலிக்காகவோ ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை விழுங்குகிறோம். நாம் குறிவைத்தது தொண்டையை அல்லது பல்லை. ஆனால் மாத்திரை இறங்குவது குடல் வழியே. அங்கே கோடிக்கணக்கில் குடியிருக்கும் கோலைகளில் மருந்துக்கு மடிவன மடியும். தற்செயலாக எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த சில மட்டும் தப்பி, காலியான இடத்தையெல்லாம் தாமே நிரப்பிக்கொள்ளும். நமக்கு நோய் ஒன்றுமில்லை. ஆகையால் ஒன்றும் தெரிவதில்லை. பல மாதங்கள் கழித்து அவற்றுள் ஒன்று சிறுநீர்ப்பைக்குள் ஏறும்போதுதான் அந்த மருந்து பலிக்கவில்லை என்று தெரியவரும். சிறுநீர்ப்பையில் மருந்து தோற்பது போலத் தோன்றினாலும், தோல்வி நெடுநாள் முன்பே குடலில் முடிந்துபோன ஒன்று. நோய்க்கிருமியை மட்டும் பார்த்தால் இது விளங்காது; நலமாயிருக்கும்போது உள்ளே இருப்பவர் யார் என்று கேட்டால்தான் விளங்கும். எஷெரிக் கேட்டது அதைத்தான்.

2008இல் சுவீடன் நாட்டில், முன்பு இந்தியாவில் மருத்துவம் பெற்றுத் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் கிளப்சியெல்லாக் கிருமி காணப்பட்டது. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையும் முறிக்கும் புது நொதி ஒன்று அதில் இருந்தது. அந்நொதிக்குரிய அதே மரபணு அவருடைய மலத்திலிருந்த ஈ. கோலையிலும் இருந்தது. 1885இல் எஷெரிக் ஒரே குழந்தையின் குடலில் அருகருகே கண்ட இரு வகை உயிரிகள், ஒரே மனிதரின் உடலில் சாவியைக் கைமாற்றிக்கொண்டிருந்தன! 2009இல் அந்நொதிக்கு நம் தலைநகரின் பெயரையே இட்டு நியூடெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ் என்றனர். சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் பங்கேற்ற 2010ஆம் ஆண்டு ஆய்வு, சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களிலும் பிரிட்டனிலும் அது பரவியிருப்பதைக் காட்டியது. ஒரு நகரத்தின் பெயரைக் கிருமியின் நொதிக்குச் சூட்டலாமா என்று இங்கே பெரும் எதிர்ப்பு எழுந்தது. பெயர் பற்றிய மனத்தாங்கல் நியாயமானதே. ஆனால் பெயரைப் பற்றி எழுந்த கூச்சலில் பாதியளவு, மருந்துக்கடையில் சீட்டின்றி விற்கும் மாத்திரையைப் பற்றியும் எழுந்திருக்கலாம். 2014ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் தொட்டு, குறிப்பிட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்1 அட்டவணை விதி நடைமுறையில் உள்ளது. நம் கடைத்தெருவில் அது எப்படி நடக்கிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அசையாத பாக்டீரியங்களால் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக 2022இல் வெளிவந்த பன்னாட்டுக் கணக்கு சொல்கிறது. அக்கணக்கில் முதல் இடம் ஈ. கோலைக்கு. அதே 2022இல் பிரிட்டனில் 240 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று வெளியாயிற்று. திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வரும் அப்பெண்களில் ஒரு சாராருக்கு நாள்தோறும் நுண்ணுயிர்க்கொல்லி. மறு சாராருக்கு நிக்கோலையர் கொண்டுவந்த அந்தப் பழைய ஹெக்சமினின் உப்பு. நோய் மீண்டும் வராமல் தடுப்பதில் பழைய மருந்து புதிய மருந்துக்குப் பெரிதும் பின்தங்கவில்லை. வந்துவிட்ட தொற்றைத் தீர்க்க அது உதவாது, வராமல் தடுக்கத்தான். எனினும் எஷெரிக் காலத்து அலமாரியில் கைவிடப்பட்டுக் கிடந்த புட்டியை 130 ஆண்டுகள் கழித்துத் தூசி தட்டி எடுக்க வேண்டி வந்திருக்கிறது.

எஷெரிக் தனியே பிரித்த கோலையின் வழித்தோன்றல் ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. பிரிட்டனின் தேசிய நுண்ணுயிர் வளர்ப்புத் தொகுப்பு 1920இல் லண்டன் லிஸ்டர் நிலையத்தில் தொடங்கப்பட்டபோது அதில் வைக்கப்பட்டது. அதன் எண் 86. 2017இல் அதன் மரபிழை முழுவதும் எழுத்தெண்ணிப் படிக்கப்பட்டது. சல்பா மருந்துக்கு 50 ஆண்டுகள் முன்பு, பெனிசிலினின் பெயரே இல்லாத காலத்தில், ஏதோ ஒரு மியூனிக் குழந்தையின் குடலிலிருந்து வந்தது அது. உலர்த்தப்பட்டு, வாய் மூடி உருக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் உறங்குகிறது. உடைத்து ஊட்டக்குழம்பில் இட்டு 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு வைத்தால், மறுநாள் காலையில் குழம்பு கலங்கியிருக்கும்.